நீயே ஊத்தின, நீயே கேக்குற

குழந்தைகளின் வளர்ச்சியை மதிப்பிடும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது பாய் விரிக்க. எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டுப் பாய் விரிக்கவா என்று சிரிப்பார்கள். திண்ணையில் விரித்தால் தெருவே சுற்றி நின்று பிள்ளைக்கு விடை சொல்லிக்கொடுக்கும். உள்ளறையில் விரித்தால் வெளிச்சம் போதாது. சிவப்பு வளையத்தை அசைக்கும்போது நாலு மாதக் குழந்தையின் கண் அதோடு போகிறதா, நடுவில் நழுவுகிறதா என்று தெரியாது. அடுப்படிக்குப் பக்கத்தில் என்றால் அம்மாவுக்குக் குக்கர் விசில் மேல் கண், பிள்ளைக்கு அம்மா மேல் கண். வாசல் நிலைக்குச் சற்று உள்ளே, வெளிச்சம் பக்கவாட்டில் விழ, குழந்தையின் முதுகு தெருவுக்கு இருக்கும்படி விரிக்க வேண்டும். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் அன்று அந்தக் குழந்தை வாங்கப்போகும் எண்ணில் இதற்கும் பங்கு உண்டு.

அடுத்தது பை. தோளில் பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும் பெண் என்றால் ஒரு வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது ஒருத்திதான்: ஊசி போடும் நர்சம்மா. எங்கள் கருவிகள் வந்த பெட்டியோ பெரிய கறுப்புத் தோள்பை. அதைப் பார்த்ததுமே பாதிக் குழந்தைகள் ஆயாவின், அதாவது பாட்டியின், கழுத்தைக் கட்டிக்கொள்ளும். சதுரக் கட்டை, மணி, கோப்பை, வளையம், படப்புத்தகம் எல்லாவற்றையும் ஒயர் கூடைக்கு மாற்றினேன். கூடையோடு வருகிறவள் சந்தையிலிருந்து வருகிறாள். அவளிடம் தின்ன ஏதாவது இருக்கலாம். குழந்தைகள் தானாகவே வந்து கூடைக்குள் கைவிட்டார்கள்.

வட ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமங்களில் பல ஆண்டுகள் இந்த வேலை. பீடி சுற்றும் தெருக்கள், விடிகாலையில் ஷூ கம்பெனி வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் ஊர்கள். கல்லூரியில் எங்களுக்குக் கோட்பாடுகள் ஒரு தாள், ஆய்வு முறைகள் இன்னொரு தாள். முதல் தாளில் பியாஜேயின் நான்கு கட்டங்கள், எரிக்சனின் எட்டு, பௌல்பியின் பற்றுதல் என்று வரிசையாக எழுதினால் மதிப்பெண். இரண்டாவது தாளில் மாதிரி, மாறி, நம்பகம், செல்லுபடித்தன்மை. இரண்டையும் ஒரே நாளில் ஒரே பாயில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவற்றைத் தனித்தனியாகப் படித்ததில் பயனில்லை என்று. குழந்தையைப் பற்றிய ஒவ்வொரு கோட்பாடும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு குழந்தைக்கு எதிரே, ஏதோ ஒரு விதமாக உட்கார்ந்ததிலிருந்து பிறந்தது. உட்கார்ந்த விதம் மாறினால் குழந்தையும் வேறாகத் தெரியும்.

பியாஜேயையே எடுத்துக்கொள்வோம். சுவிட்சர்லாந்துக்காரர், 1896இல் பிறந்தவர், முதலில் நத்தைகளை ஆராய்ந்தவர். பாரிஸில், அறிவுத் தேர்வுக்கு முன்னோடியான பினேயின் ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கிடைத்த வேலை மிகச் சலிப்பானது: ஆங்கிலேயர் சிரில் பர்ட் எழுதிய அறிவுத் தேர்வுகளைப் பிரெஞ்சுக் குழந்தைகளுக்குப் பொருந்தும்படி தரப்படுத்துவது. எத்தனை சரி என்று எண்ண வேண்டியவர், தவறான விடைகளில் சிக்கிக்கொண்டார். ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரி தவறுகிறார்கள், அந்தத் தவறுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று கண்டார். அதற்குப் பிறகு விடையை எண்ணுவதை விட்டுவிட்டு, ‘ஏன் அப்படிச் சொல்கிறாய்’ என்று தொடர்ந்து கேட்கும் முறைக்குப் போனார். பிறகு தன் மூன்று குழந்தைகளான ஜாக்குலின், லூசியான், லொராங் ஆகியோரைத் தொட்டிலிலிருந்தே கவனித்துக் குறிப்பெடுத்தார். கைக்குழந்தையைப் பற்றி அவர் எழுதியவற்றில் பெரும்பகுதிக்கு ஆதாரம் அந்த மூவர்தான். மூன்றே குழந்தைகள், அதுவும் சொந்தக் குழந்தைகள் என்று முறையியல் ஆசிரியர்கள் குறை சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய மனக்குறை இல்லை. ஒரே குழந்தையை நாள் முழுக்கப் பார்க்கிறவருக்குத் தெரிவது, ஐந்நூறு குழந்தைகளை ஆளுக்கு அரை மணி நேரம் பார்க்கிறவருக்குத் தெரியாது.

அவருடைய அளவு மாறாமைச் சோதனை உளவியல் படித்த எல்லாருக்கும் தெரியும். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர். குழந்தை ‘ரெண்டும் ஒண்ணு’ என்று ஒப்புக்கொண்ட பிறகு, ஒன்றிலுள்ள தண்ணீரைக் குறுகலான உயரக் குவளைக்கு மாற்றி, ‘இப்போ எதுல அதிகம்?’ என்று கேட்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை உயரக் குவளையைக் காட்டும். ஏழு வயதை ஒட்டி, ‘அதே தண்ணிதானே’ என்று சொல்லத் தொடங்கும். இதை அங்கன்வாடியில் செய்யப்போனபோது வந்த முதல் தடையே கண்ணாடிக் குவளைதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் குடிப்பது சில்வர் டம்ளரில். உள்ளே இருக்கும் மட்டம் வெளியே தெரியாது. கண்ணாடி டம்ளர் டீக்கடையில் இருப்பது. வீட்டில் இருந்தாலும் பரணில் விருந்தாளிக்காக இருப்பது. தொட்டால் அடி விழும். கண்ணாடியைப் பார்த்ததும் பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். தண்ணீர் அளவைப் பற்றிய எண்ணமே அவர்களுக்கு அந்த நிமிடத்தில் இல்லை. உடைந்தால் யார் மேல் பழி விழும் என்பதுதான். தண்ணீர் பாட்டில்களை வெட்டிக் குவளையாக்கிக் கொண்டுபோன பிறகுதான் சோதனையே தொடங்கியது.

அப்படி ஒரு வீட்டில் செய்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஆயா ஒருவர், முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “இன்னாம்மா, நீயே ஊத்தின, நீயே கேக்குற?”

இந்த ஒரு வாக்கியத்தில் அரை நூற்றாண்டு விவாதம் அடங்கியிருக்கிறது. ரோஸ், பிளாங்க் என்ற இருவர் 1974இல் செய்த ஆய்வு, ஆயா கேட்டதைத்தான் வேறு வகையில் கேட்டது. வழக்கமான சோதனையில் ஒரே கேள்வி இரண்டு முறை வருகிறது. மாற்றுவதற்கு முன் ஒன்று, மாற்றிய பின் ஒன்று. பெரியவர் ஒருவர் ஒரே கேள்வியை மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு என்று குழந்தை எடுத்துக்கொள்ளலாமே? முதல் கேள்வியை நீக்கிவிட்டு, மாற்றிய பின் ஒரே ஒரு முறை கேட்டார்கள். ஆறு வயதுக் குழந்தைகள் முன்னைவிடக் கூடுதலாகச் சரியான விடை சொன்னார்கள்.

அதே ஆண்டில் எடின்பரோவில் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் செய்ததை நான் இங்கே பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். சம எண்ணிக்கையில் வில்லைகள் அடுக்கிய இரண்டு வரிசை. ஒரு வரிசையை ஆய்வாளர் கலைப்பதற்குப் பதில், ஒரு குறும்புக் கரடிப் பொம்மை பெட்டியிலிருந்து வந்து கலைத்துவிடுகிறது. நாலிலிருந்து ஆறு வயது வரையுள்ள எண்பது குழந்தைகள். ஆய்வாளர் வேண்டுமென்றே கலைத்தபோது சரியாகச் சொன்னவர்கள் ஆறில் ஒரு பங்கு. பொம்மை கலைத்தபோது பாதிக்கும் மேல். நான் கரடிக்குப் பதில் துணிக் குரங்கு வைத்துக்கொண்டேன், வில்லைகளுக்குப் பதில் புளியங்கொட்டை. குரங்கு வந்து வரிசையைக் கலைத்ததும் பிள்ளைகள் பாயில் எழுந்து நின்று குரங்கைத் திட்டுவார்கள். பிறகு ‘ரெண்டுலயும் சரியா இருக்கா?’ என்றால், ‘கலைச்சிடுச்சு, ஆனா அதே கொட்டைதான்’ என்பார்கள். கேள்வி இப்போது நியாயமான கேள்வி. ஏதோ ஒரு விலங்கு வந்து குழப்பிவிட்டது, உண்மையிலேயே சரிபார்க்க வேண்டியிருக்கிறது. நானே கலைத்துவிட்டு நானே கேட்டால், பெரியவள் ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் இதைச் செய்திருப்பாள், அவள் விரும்பும் விடை என்ன என்று குழந்தை தேடத் தொடங்குகிறது. டொனால்ட்சன் 1978இல் எழுதிய ‘குழந்தைகளின் மனங்கள்’ நூலின் வாதம் இதுதான். எங்கள் துறையில் ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன் என்று யாராவது அடம்பிடித்தால் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

இதற்கும் மறுப்பு வந்தது. மூர், ஃப்ரை என்ற இருவர் 1986இல், பொம்மை உண்மையிலேயே ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ செய்தால் குழந்தைகள் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று காட்டினார்கள். அதாவது வேடிக்கையில் மயங்கித்தான் ‘அதே’ என்கிறார்களோ? நானும் ஒரு கொட்டையைக் குரங்கின் கைக்குள் ஒளித்துப் பார்த்திருக்கிறேன். சிலர் பிடித்துவிடுவார்கள், சிலர் சிரிப்பிலேயே கோட்டைவிடுவார்கள். ஆக பியாஜேயும் முழுக்கத் தவறில்லை, டொனால்ட்சனும் முழுக்கச் சரியில்லை. குழந்தையின் மூளைக்குள் இருப்பது எவ்வளவு, கேட்பவருக்கும் குழந்தைக்கும் இடையில் இருப்பது எவ்வளவு என்று பிரித்து எடுப்பதுதான் எங்கள் தொழில்.

விடை தெரிந்தே கேட்கும் கேள்வி பள்ளிக்கூடத்தின் பழக்கம். படித்த பெற்றோர் வீட்டில் அது தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது: ‘இது என்ன கலர்? மூக்கு எங்கே?’ நான் போன வீடுகளில் பெரியவர்கள் குழந்தையிடம் கேள்வி கேட்பது குறைவு; ஏவுவதுதான் அதிகம். ‘போய்த் தாத்தாவைக் கூப்டு.’ ‘அந்தச் செம்பை எடுத்தா.’ மூன்று வயதுப் பெண் ஒருத்தி படப்புத்தகத்தில் இருந்த கரண்டியைக் காட்டி ‘இது என்ன பாப்பா?’ என்று எத்தனை விதமாகக் கேட்டும் வாய் திறக்கவில்லை. விதிப்படி சுழியம். நான் புத்தகத்தை மூடிவிட்டு அவள் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சொன்னார், “போய்க் குழம்புக் கரண்டி எடுத்தா கண்ணு.” அவள் உள்ளே போனாள். தோசைக் கரண்டியை விட்டுவிட்டு, சாதக் கரண்டியையும் விட்டுவிட்டு, குழம்புக் கரண்டியோடு வந்தாள். கரண்டியைப் பற்றி அந்தப் படம் கேட்டதைவிடக் கூடுதலாகவே அவளுக்குத் தெரியும். ஆனால் மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன். ஓரத்தில் எழுதும் பழக்கத்தை நான் கடைசிவரை விடவில்லை.

பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்தவர் ரஷ்யாவின் வைகாட்ஸ்கி. காசநோயில் 37 வயதில், 1934இல் இறந்துபோனார். இரண்டு குழந்தைகள் தனியாகச் செய்யும்போது ஒரே மதிப்பெண் வாங்கலாம்; பெரியவர் ஒரு சிறு துப்புக் கொடுத்தால் ஒருவன் இரண்டு படி ஏறுவான், இன்னொருவன் அங்கேயே நிற்பான்; இந்த இருவரும் சமம் இல்லை என்றார். கேட்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் தரப்படுத்திய தேர்வின் முதல் விதியே உதவி செய்யாதே என்பது. எல்லாக் குழந்தைக்கும் ஒரே வாக்கியம், ஒரே தொனி, ஒரே எண்ணிக்கை வாய்ப்பு. ஒப்பிட வேண்டுமானால் அந்த விதி தேவைதான், அதை மீறச் சொல்லமாட்டேன். நான் செய்வது, விதிப்படி முழுத் தேர்வையும் முடித்து மதிப்பெண் போட்ட பிறகு, தவறிய இடங்களுக்குத் திரும்பிப் போய்த் துப்புக் கொடுத்துப் பார்ப்பது. பெற்றோருக்குப் பயன்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது சுற்றில்தான் கிடைக்கும்.

கைப்பழக்கம் எப்படி விடையை மாற்றுகிறது என்பதற்கு உலகெங்கும் சான்றுகள் உண்டு. மெக்சிகோவில் மண்பாண்டம் செய்யும் குடும்பத்துக் குழந்தைகள் களிமண் உருண்டையைத் தட்டையாக்கினாலும் அளவு மாறாது என்பதை மற்ற குழந்தைகளைவிட முன்னதாகவே சொன்னதாக 1969இல் ஒரு ஆய்வு வந்தது. பிரேசிலின் ரெசிஃபி நகரில், தெருவில் இளநீரும் பழமும் விற்ற சிறுவர்களிடம் விலைக் கணக்குக் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு அளவில் சரி. அதே கணக்கைத் தாளில் வெறும் எண்ணாக எழுதிக் கொடுத்தால் நாற்பதைத் தொடவில்லை. 1985இல் வந்த ஆய்வு அது. பெட்டிக்கடையில் அப்பாவுக்குப் பதில் உட்கார்ந்து சில்லறை கொடுக்கும் எட்டு வயதுப் பையன் ‘கணக்கு வராது’ என்ற குறிப்போடு என்னிடம் அனுப்பப்படும்போதெல்லாம் ரெசிஃபியை நினைத்துக்கொள்வேன். மனித உருவம் வரையச் சொல்லும் தேர்வும் அப்படித்தான். குடெனஃப் 1926இல் வகுத்தது. காது உண்டா, விரல் ஐந்தா, கழுத்து தனியாகத் தெரிகிறதா என்று எண்ணி மதிப்பெண். அதே வயதில் ஏழு புள்ளிக் கோலத்தைச் சுழி தப்பாமல் இழுக்கும் பெண்ணுக்கு அதில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

வெளிநாட்டுத் தேர்வை அப்படியே எடுத்து வைப்பதில் உள்ள சிக்கல் இங்கே யாருக்கும் புதிதல்ல. காமத் என்பவர் 1934 வாக்கிலேயே பினே தேர்வை மராத்திக்கும் கன்னடத்துக்கும் ஏற்றபடி மாற்றினார். பினே-காமத் என்று அது நெடுங்காலம் புழங்கியது. கைக்குழந்தைகளுக்குப் பரோடாவில் பிரமிளா பாடக் உருவாக்கிய அளவுகோல் இருக்கிறது: பிறப்பிலிருந்து 30 மாதம் வரை, உடலியக்கத்துக்கு 67 உருப்படி, மனவளர்ச்சிக்கு 163. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் அதையெல்லாம் 17 உருப்படிகளாகச் சுருக்கி ஒரே பக்கத்தில் அடக்கியது. குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு ஸ்கேலை நெட்டாக வைத்தால் போதும். ஸ்கேலுக்கு இடப்பக்கம் முழுதாக முடிந்துபோன பட்டைகள் குறிக்கும் திறன் எதையாவது குழந்தை செய்யவில்லை என்றால் மேல் பரிசோதனைக்கு அனுப்பு. அங்கன்வாடி ஊழியர் அதைச் செய்துவிடலாம். இந்திய உளவியலில் எனக்கு மிகவும் பிடித்த கருவி இந்த ஒற்றைத் தாள்தான். அது அறிவை அளப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை. யாரைத் தவறவிடக் கூடாது என்பதை மட்டும் சொல்கிறது.

‘எம் பேரன் எப்போ நடப்பான்?’ என்பது நான் அதிகம் எதிர்கொண்ட கேள்வி. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்ட முடிவை மனப்பாடமாகச் சொல்வேன்: தானாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும். நூற்றுக்கு நாலு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்துவிட்டார்கள். எதிர்வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்ததே என்ற வருத்தத்தோடு வரும் ஆயாக்களுக்கு இந்த எண்கள் மருந்து.

வயதே சரியாகத் தெரியாத இடங்களில் இந்த மாதக் கணக்கு எதற்கு ஆகும் என்று கேட்கலாம். இப்போது தாய்-சேய் அட்டை இருப்பதால் பிறந்த தேதிக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் எப்போது குப்புறக் கவிழ்ந்தான், எப்போது முதல் சொல் என்பதற்கு அம்மாவின் நினைவுதான். மாதம் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். ‘ஆடி வெள்ளிக்கு முன்னயா பின்னயா? அம்மன் கோயில் கூழ் ஊத்தினப்போ உக்காந்தானா?’ என்று கேட்டால் கணவரிடமும் நாத்தனாரிடமும் விசாரித்துத் துல்லியமாகச் சொல்வார்கள். ஊருக்கு ஒரு நிகழ்வுப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்வது களப்பணியில் பழைய முறை.

பெற்றோர் சொல்வதை வைத்து நிரப்பும் வினாத்தாள்களில் இன்னொரு தடங்கல்: கண்ணேறு. ‘இவனா மேடம்? ஒண்ணும் பேசமாட்டான், மந்தம்’ என்பார் அம்மா. முதுகுக்குப் பின்னால் பிள்ளை நின்றுகொண்டு நாய்க்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கும். பெற்றவளே பிள்ளையை மெச்சக் கூடாது என்பது இங்கே வளர்ப்பின் ஒரு பகுதி. அமெரிக்க மானுடவியலாளர் மார்கரெட் டிராவிக் தமிழ்க் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து எழுதி 1990இல் வெளியிட்ட நூலில் இந்த அடக்கத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறார். வினாத்தாளைத் தயாரித்தவர்கள், தாய் பிள்ளையைச் சற்று உயர்த்தித்தான் சொல்வாள் என்று வைத்துக்கொண்டு அதற்கேற்பக் குறைத்துப் படிக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் நேர்மாறாகக் கூட்டிப் படிக்க வேண்டும். அத்தையையோ பக்கத்து வீட்டக்காவையோ கேட்டால் உண்மைக்கு அருகில் வரலாம்.

பற்றுதல், அதாவது குழந்தை தன்னை வளர்ப்பவரோடு கொள்ளும் பிணைப்பு, பற்றிய ஆய்வுக்கு வருகிறேன். இங்கேதான் கோட்பாடும் வீடும் நேருக்கு நேர் மோதின. மேரி ஐன்ஸ்வொர்த் வகுத்த ‘அந்நியச் சூழல்’ முறை: ஒரு வயதை ஒட்டிய குழந்தை, பழக்கமில்லாத ஓர் அறை, சில பொம்மைகள், எட்டுக் காட்சிகள், மொத்தம் இருபது நிமிடம். அம்மா இருமுறை வெளியே போவார், ஒரு அந்நியர் வந்துபோவார். குழந்தை எவ்வளவு அழுதது என்பதைவிட, அம்மா திரும்பி வந்தபோது என்ன செய்தது என்பதே முக்கியம். ஓடிப்போய்ப் பற்றிக்கொண்டு தேறிவிட்டதா, முகத்தைத் திருப்பிக்கொண்டதா, பற்றிக்கொண்டே அடித்ததா? இதிலிருந்து மூன்று வகை. பிறகு 1986இல் நான்காவது ஒன்றும் சேர்ந்தது.

நாங்கள் ஒரு மையத்தில் அறை தயார் செய்தோம். முதல் சிக்கல், அம்மாவாக யார் வருவது? பிள்ளையைப் பெற்றவர் காலை ஏழு மணி வேனில் கம்பெனிக்குப் போய்விடுகிறார். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் ஆயா. கையேடு அம்மாவை வைத்துச் செய் என்றது. இரண்டாவது, இந்தக் குழந்தைகளில் பலர் அதுவரை வீட்டில் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருந்ததே இல்லை. இடுப்பு மாறும், ஆள் இல்லாமல் போகாது. கதவு சாத்தியதும் அவர்கள் போட்ட அலறலுக்கு ‘பாதுகாப்பற்ற பற்றுதல்’ என்று பெயர் வைப்பதா? ஜப்பானின் சப்போரோவில் இதே முறையைச் செய்தவர்களுக்கும் இதே கேள்வி எழுந்தது. அங்கேயும் தாய்மார் குழந்தையை விட்டு நகர்வது அரிது, அங்கேயும் அழுகை மிகுதி. எட்டு நாடுகளின் முடிவுகளை 1988இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் உள்ள வேறுபாடு கூடுதல் என்று கண்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஐன்ஸ்வொர்த் தன் கோட்பாட்டைக் கண்டடைந்தது அந்த அறையில் இல்லை. 1950களின் நடுவில் உகாண்டாவில், கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில், 26 குடும்பங்களின் வீட்டுக் கூடங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் உட்கார்ந்து பார்த்ததில் பிறந்தது அது. அங்கே பல பேர் கைமாறித்தான் குழந்தை வளர்ந்தது. இருபது நிமிட அறை பின்னால் பால்டிமோரில் வந்தது. உலகம் அறையை எடுத்துக்கொண்டு கூடத்தை விட்டுவிட்டது. அறை சீக்கிரம் முடிகிறது, அவ்வளவுதான் காரணம். எங்கள் குழு கடைசியில் ஆயாவையும் அம்மாவையும் தனித்தனி நாளில் வரவழைத்தது, பிரிவு நேரத்தைக் குறைத்தது, வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்த குறிப்பை முதன்மையாக வைத்தது. பன்னாட்டு இதழுக்கு அனுப்பினால் ‘முறை மாற்றப்பட்டுள்ளது’ என்று திருப்பி அனுப்பக்கூடிய காரியம்தான்.

பார்வை நேரத்தை அளக்கும் ஆய்வுகளைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். ஃபான்ட்ஸ் 1961இல் காட்டியதிலிருந்து, பேசாத குழந்தை எதை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பதை வைத்து அதன் அறிவைத் தேடும் முறை வளர்ந்தது. மறைந்த பொருள் இருக்கிறது என்பது ஐந்து மாதக் குழந்தைக்கே தெரியும் என்று பெய்லர்ஜான் 1985இல் பியாஜேயை மறுத்ததும் அதை வைத்துத்தான். அழகான முறை. ஆனால் அந்தக் கட்டுரைகளில் அழுத குழந்தைகள், தூங்கிவிட்ட குழந்தைகள் எத்தனை பேர் விலக்கப்பட்டார்கள் என்ற எண்ணிக்கையை முதலில் தேடிப் படியுங்கள். அது பெரும்பாலும் ஓரமாகக் கிடக்கும்.

நெடுங்கால ஆய்வில் குழந்தை அழுவதில்லை, காணாமல் போய்விடும். தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஐந்தாம் மாதம்வரை குழந்தை வேறு ஊரில், வேறு மாவட்டத்தில். பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்கள் மழைக்கு முன்தான் திரும்பும். வேலூரையும் சேர்த்து எட்டு இடங்களில், ஊட்டக்குறைவும் வயிற்றுநோயும் குழந்தை வளர்ச்சியை என்ன செய்கின்றன என்று பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்த பன்னாட்டு ஆய்வு போன்றவற்றில், வாரம் தவறாமல் வீட்டுக்குப் போகும் களப்பணியாளர்கள்தான் முதுகெலும்பு. நம் கையைவிட்டுப் போகும் குழந்தைகள் குலுக்கல் முறையில் போவதில்லை. மிக ஏழைகள்தான் முதலில் போவார்கள். மீதமிருப்பவர்களின் சராசரி தானாக உயரும். அதை வளர்ச்சி என்று வரைபடம் காட்டும்.

ஆய்வுக்குள் யார் இருக்கிறார்கள் என்பது முடிவை எப்படி மாற்றும் என்பதற்கு மிட்டாய்ச் சோதனை ஒரு நல்ல பாடம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாக மழலையர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து உளவியலாளர் மிஷெல் செய்தது: உடனே தின்றால் ஒன்று, காத்திருந்தால் இன்னொன்றும். இப்போது தின்னாமல் காத்திருந்தவர்கள் பின்னாளில் நன்றாக வந்தார்கள் என்று உலகெங்கும் பரவியது. 2018இல் 900க்கும் மேற்பட்ட, பலதரப்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் இன்னும் பெரும்பகுதி கரைந்தது. அண்ணன் வந்து பிடுங்கித் தின்றுவிடும் வீட்டில், கிடைத்தபோதே தின்பதுதான் விவேகம்.

ஒப்புதலைப் பற்றி நான் எனக்கென வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி ஏழு வயதிலிருந்துதான் குழந்தையின் சொந்த இசைவைக் கேட்க வேண்டும். அதற்குக் கீழே பெற்றோர் கையெழுத்து போதும். ஆனால் மூன்று வயதுக் குழந்தை தொடர்ந்து வாசலையே பார்த்தால், எனக்கு அது மறுப்புதான். பொருள்களைக் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒரு திட்டத்தில் நாளுக்கு இத்தனை குழந்தை என்று இலக்கு வைத்திருந்தார்கள். அங்கே இதற்காக எனக்கு நல்ல பெயர் இல்லை. இலக்கை எட்டுவதற்காக, சோறு தின்றுவிட்டுத் தூங்கி விழும் குழந்தைக்குப் போட்ட மதிப்பெண்ணும், காலையில் குளித்துச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தைக்குப் போட்ட மதிப்பெண்ணும் ஒரே அட்டவணையில் ஒரே எழுத்துருவில் அச்சாகும்.

இந்த எண்கள் இன்று ஆய்வுத் தாளோடு நிற்பதில்லை. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் வந்த பிறகு, 2013இலிருந்து, நிறையக் குழந்தைகள் மதிப்பீட்டுக்கு வருகிறார்கள். அது நல்லது, சீக்கிரம் கண்டுபிடித்தால் சிகிச்சைக்குப் பலன் உண்டு. 18 மாதமாகியும் நடக்காத குழந்தையை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தையை, கூப்பிட்டால் திரும்பாத குழந்தையைக் காத்திருக்காமல் அழைத்துப் போங்கள். ஆனால் கையில் அறிக்கை வந்ததும் கடைசிப் பக்கத்து எண்ணுக்குத் தாவாதீர்கள். எந்த நேரத்தில் பார்த்தார்கள், குழந்தை தூங்கி எழுந்திருந்ததா, எந்த மொழியில் கேட்டார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், உதவி கொடுத்தால் எது வந்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லை என்றால் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், வேறொரு நாள் காலையில், குழந்தைக்குப் பழகிய ஆளோடு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. நேர்மையாக வேலை செய்யும் எந்த உளவியலாளரும் அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.